வாஷிங்டனின் கை உண்மையிலேயே கட்டப்பட்டிருந்ததா? குடும்பச் சொத்தாக இருந்த அடிமைகளும் வழக்குகளும்

கேட்கப்பட்ட கேள்வி இது: ஜார்ஜ் வாஷிங்டன் தன் அடிமைகளை உயிலில் விடுவித்தார், மனைவி வழி வந்த அடிமைகளை மட்டும் சட்டம் இடம் தராததால் விடுவிக்க முடியவில்லை என்கிறார்கள். குடும்பச் சொத்தாகவோ டிரஸ்டிலோ இருந்த அடிமைகளை யாராலும் விடுவிக்க முடியாது என்பது உண்மையா, சாக்கா?

சட்டம் இடம் தரவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைச் சாக்காகவும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே ஆட்களிடம், சில சமயம் ஒரே கடிதத்திலேயே இருந்தன. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர் செட்டில்மென்ட் பத்திரங்களில், "தன் ஆயுள்பரியந்தம் அனுபவித்துக்கொண்டு, தன் காலத்துக்குப் பின் வாரிசுகள் சர்வ சுதந்திர பாத்தியதையுடன் அடைந்துகொள்ள வேண்டியது" என்ற வாசகத்தைப் படித்தவர்களுக்கு விஷயம் பாதி விளங்கிவிடும். ஆங்கிலேயச் சொத்துச் சட்டம் அமெரிக்கக் காலனிகளுக்குப் போனபோது இந்த ஏற்பாடும் கூடவே போனது. ஒருவருக்கு ஆயுள் அனுபவம், இன்னொருவருக்குப் பின்னுரிமை, இருவருக்கும் நடுவில் காவலாக ஒரு டிரஸ்டி. அங்கே சொத்து அட்டவணையில் நிலத்தின் நான்கு எல்லைகளோடு ஆட்களின் பெயரும் வயதும் மதிப்பும் எழுதப்பட்டன. அவ்வளவுதான் வித்தியாசம்; ஆனால் எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வாஷிங்டன் விஷயத்துக்கு வருவோம். அவருடைய மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமல் இறந்தார். ஏறத்தாழ 17,500 ஏக்கர் நிலம், கிட்டத்தட்ட 300 அடிமைகள். வர்ஜீனியா சட்டப்படி கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள் அனுபவம் மட்டும். அவர் மறைவுக்குப் பின் அது கஸ்டிஸ் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும். 1759இல் வாஷிங்டன் அவரை மணந்தபோது இந்தக் கைம்பெண் பங்கில் 84 பேர் இருந்தார்கள். வாஷிங்டன் தன் கையாலேயே 1799இல் எடுத்த கணக்கில், அவருடைய பண்ணையான மவுன்ட் வெர்னானில் மொத்தம் 317 பேர். அதில் அவருக்குச் சொந்தம் 123, கஸ்டிஸ் பங்கு 153, மீதி 41 பேர் பக்கத்துப் பண்ணையிலிருந்து வாடகைக்கு வந்தவர்கள். 84 பேர் 153 ஆனது பிறப்பால். நாற்பது ஆண்டுகளில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும், பிறந்த நொடியிலேயே, கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளின் எதிர்காலச் சொத்து.

ஆக, விடுவித்தால் வாரிசுகளுக்கு ஈடு கட்ட வேண்டிய பொறுப்பு வாஷிங்டனுக்கு வரும். இதை அவர் நன்றாக அறிந்திருந்தார். தலைநகரம் பிலடெல்பியாவில் இருந்த காலம் அது. பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். 1791 ஏப்ரலில் தன் செயலர் டோபியாஸ் லியருக்கு அவர் எழுதிய கடிதத்தில் கணக்கு பச்சையாகவே இருக்கிறது: வீட்டில் இருப்பவர்களில் இருவரைத் தவிர எல்லோரும் கஸ்டிஸ் பங்கு, அவர்கள் விடுதலை பெற்றுவிட்டால் உழைப்பும் போகும், விலையையும் நான் கட்ட நேரிடும். எனவே ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை வர்ஜீனியாவுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதை அவர்களும் பொதுமக்களும் அறியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்ய வேண்டும். கட்டிய கை என்று சொல்கிறோமே, அந்தக் கை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

1796 மே மாதம் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் பிலடெல்பியாவிலிருந்து தப்பிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்துக்குப் போய்விட்டார். மார்த்தாவின் தனிப் பணிப்பெண்; கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்தவர். மார்த்தா தன்னைப் பேத்தி எலைசாவுக்குக் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார். வாஷிங்டன் கருவூலச் செயலரிடம் சொல்லி, அவர் மூலம் போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரி ஜோசப் விப்பிளைப் பிடித்தார். விப்பிள் ஓனாவைச் சந்தித்துப் பேசினார். எஜமானர் இருவரும் இறந்த பிறகு விடுதலை உறுதி என்றால் திரும்பி வருகிறேன் என்று ஓனா சொன்னதாகத் தெரிவித்தார்.

இங்கேதான் கேள்வியைத் தொடும் இடம் வருகிறது. ‘அவள் என் சொத்து அல்ல, வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை’ என்று வாஷிங்டன் பதில் எழுதியிருக்கலாம். சட்டப்படி அதுதான் சரியான பதிலும்கூட. அவர் சொன்ன காரணம் வேறு: விசுவாசம் இல்லாதவளுக்குப் பரிசு கொடுத்தால், விசுவாசமாக இருந்த மற்றவர்களின் மனம் கெடும். அதாவது, தடையாகச் சட்டத்தை நினைவுகூரவே அவருக்குத் தோன்றவில்லை. ஓனா திரும்பவில்லை. மணமுடித்து, பிள்ளைகள் பெற்று, 1848இல் நியூ ஹாம்ப்ஷயரிலேயே இறந்தார். சட்டத்தின் பார்வையில் கடைசிவரை அவர் கஸ்டிஸ் சொத்து. சுதந்திர மாநிலத்தில் அவர் பெற்ற பிள்ளைகளும் அப்படியே.

மார்த்தா 1802 மே மாதம் இறந்தார். கஸ்டிஸ் பங்கு நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தது. மவுன்ட் வெர்னானில் வாஷிங்டனின் ஆட்களும் கஸ்டிஸ் ஆட்களும் ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். கணவன் சுதந்திரன், மனைவியும் பிள்ளைகளும் பாகப்பிரிவினையில் வேறு வேறு பண்ணைக்கு என்று பல குடும்பங்கள் உடைந்தன. இதையெல்லாம் சட்டத்தின் மேல் போடலாம். ஆனால் மார்த்தாவுக்கு முழு உரிமையோடு சொந்தமான ஓர் ஆள் இருந்தார், பெயர் எலிஷ். அவரை விடுவிக்க எந்த வாரிசின் சம்மதமும் வேண்டியதில்லை. மார்த்தா அவரைப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுக்கு எழுதிவைத்தார். இந்தப் பேரன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

வாஷிங்டன் தன் 123 பேரில், ஒருவரைத் தவிர, மற்றவர்களுக்குக் கொடுத்த விடுதலையும் உடனடி விடுதலை அல்ல. மனைவியின் மறைவுக்குப் பின் என்றுதான் உயிலில் இருந்தது. ஒரு பெண்மணி இறந்தால்தான் நூற்றுச் சொச்சம் பேருக்கு விடுதலை. அந்த நூற்றுச் சொச்சம் பேரும் அவர் வீட்டிலேயே சமைத்துப் பரிமாறுகிறார்கள்! மார்த்தா பயந்துகொண்டிருந்ததாக, அன்றைய ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல் ஆடம்ஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1801 ஜனவரி 1 அன்று மார்த்தா அவர்களை முன்கூட்டியே விடுவித்துவிட்டார்.

இனி நீதிமன்றங்கள். ‘யாராலும் முடியாது’ என்ற வாதத்துக்கு நல்ல பதில் வர்ஜீனியாவிலேயே, வாஷிங்டன் உயிரோடு இருந்தபோதே கிடைத்துவிட்டது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜான் பிளசன்ட்ஸ் 1771இல் இறந்தார். அப்போது வர்ஜீனியாவில் அரசின் தனி அனுமதி இல்லாமல் யாரும் தன் அடிமையை விடுவிக்க முடியாது. அதனால் உயிலில் ஒரு வழி செய்தார்: அடிமைகளைப் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார், நாட்டின் சட்டம் என்றைக்கு இடம் கொடுக்கிறதோ, அன்றைக்கு முப்பது வயதை எட்டியவர்கள் விரும்பினால் விடுதலை என்று நிபந்தனை போட்டார். 1782இல் சட்டம் மாறியது. மகன் ராபர்ட் தன் பங்கில் வந்தவர்களை விடுவித்தார். மற்ற உறவினர்கள் அசையவில்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்த ராபர்ட், தன் சொந்த உறவினர்கள் மேலேயே வழக்குப் போட்டார். வழக்கில் நானூறுக்கும் மேற்பட்டவர்களின் விடுதலை தொங்கிக்கொண்டிருந்தது. ராபர்ட்டுக்காக வாதாடியவர்களில் ஒருவர் பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷல்.

எதிர்த்தரப்பு வாதம் சட்ட மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. எதிர்காலத்தில் எப்போதோ நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற நிபந்தனையில் ஒரு சொத்தைக் காலவரம்பின்றித் தொங்கவிட முடியாது; வாழும் ஒருவரின் ஆயுளும் அதற்கு மேல் இருபத்தோரு ஆண்டுகளும் என்ற எல்லைக்குள் உரிமை யாருக்கு என்று முடிவாகிவிட வேண்டும். நம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இருப்பதும் இதே விதியின் இன்னொரு வடிவம்தான். சட்டம் என்றைக்கு மாறும் என்று 1771இல் யாருக்குத் தெரியும்? எனவே நிபந்தனை செல்லாது, அடிமைகள் நிரந்தரமாக எங்களுக்கே என்றார்கள். பிரபுக்களின் நிலம் தலைமுறை தலைமுறையாக முடங்கிவிடக் கூடாது என்பதற்காக இங்கிலாந்தில் உருவான விதி இது. அதை மனிதர்கள் வெளியே போகும் கதவுக்குப் பூட்டாக மாட்டினார்கள்.

உயில், டிரஸ்ட் வழக்குகளை விசாரிக்கும் சான்சரி நீதிமன்றம், ஜார்ஜ் வைத் தலைமையில், 1798இல் விடுதலைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. உரிய நாளுக்குப் பின்னும் அவர்களைப் பிடித்துவைத்து உழைப்பில் சம்பாதித்த லாபத்துக்கும் கணக்குக் காட்டச் சொன்னது. 1799இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. சொத்துகளுக்கான அந்தக் காலவரம்பு விதியைச் சுதந்திரம் சம்பந்தப்பட்ட இடத்தில் அதே இறுக்கத்தோடு பொருத்தத் தேவையில்லை என்ற நோக்கில் நீதிபதி ஸ்பென்சர் ரோன் எழுதினார். ஆனால் லாபக் கணக்கு அடிபட்டுப் போனது. விடுதலை உண்டு, கூலி பாக்கி கிடையாது.

என்னைக் கேட்டால், ‘அந்தக் காலத்துச் சட்டம் அப்படி’ என்ற பேச்சை முடித்துவைக்க இந்த ஒரு வழக்கே போதும். மனம் வைத்த டிரஸ்டி ஒருவர், காது கொடுத்த நீதிமன்றம் ஒன்று என்று இரண்டும் அமைந்தபோது குடும்பச் சொத்துச் சட்டத்துக்குள்ளேயே வழி இருந்தது. அந்தச் சேர்க்கை மிக அரிதாக இருந்தது என்பது வேறு விஷயம். 1806இல் வர்ஜீனியா இன்னொரு சட்டம் போட்டது: விடுதலை பெற்றவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். பிறகு உயிலில் விடுதலை எழுதுகிற கைகளும் தயங்க ஆரம்பித்தன.

நீதிமன்றமும் மாறியது. 1824இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மரியாவும் உடன்பிறந்தவர்களும் தொடுத்த வழக்கு. அவர்களுடைய தாய் மேரியை, முப்பத்தொரு வயதானதும் விடுதலை என்று 1790ஆம் ஆண்டு உயில் ஒன்றில் எழுதியிருந்தார்கள். மேரி கைமாறி விற்கப்பட்டு, கடைசியில் வழக்குப் போட்டு விடுதலை பெற்றார். அதற்குள், அந்த முப்பத்தொரு வயதுக்கு முன்பே, அவருக்குப் பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். தாய்க்கு விடுதலை என்பது நிச்சயிக்கப்பட்ட எதிர்காலம், அப்படியானால் பிள்ளைகள்? நீதிமன்றம் சொன்னது: பிறந்த நாளில் தாய் அடிமை, ஆகவே பிள்ளைகளும் அடிமைகள், எந்நாளும். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று வர்ஜீனியா 1662இல் எழுதிவைத்த விதி, உயில் எழுதியவரின் எண்ணத்தைவிட வலுவாக நின்றது.

இதே பிறப்புக் கேள்வி, விடுதலைப் பேச்சே இல்லாத வெறும் பங்காளிச் சண்டைகளிலும் ஓயாமல் வந்தது. ஆயுள் அனுபவம் உள்ளவரிடம் ஓர் அடிமைப் பெண் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தை யாருக்கு? ஆடுமாடு என்றால் கன்றும் குட்டியும் அனுபவிப்பவருக்கே என்பது பழைய விதி. மனிதக் குழந்தை விஷயத்தில் பெரும்பாலான மாநிலங்கள் பின்னுரிமைக்காரருக்கே என்றன. மேரிலாந்து மட்டும் வேறு வழியில் போனது. பெரும்பாலான மாநிலங்களின் விதியை மனிதர்கள் என்பதால் வந்த பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலீடு குறையக் கூடாது என்ற கணக்குத்தான் அது. அதே காரணத்துக்காகவே, ஆயுள் அனுபவக்காரர் அடிமைகளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோய்விடுவார் என்று பயந்து, பின்னுரிமைக்காரர்கள் ஜாமீன் பத்திரம் கேட்டு சான்சரி நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். கைம்பெண் தன் பங்கு அடிமைகளை வாரிசின் சம்மதமின்றி வெளியே அனுப்பினால் பங்கையே இழப்பாள் என்று வர்ஜீனியாவில் சட்டமே இருந்தது.

டிரஸ்ட் என்ற ஏற்பாடு முழு வடிவத்தில் வருவது மகள்களின் திருமணத்தில். இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச்சட்டப்படி (common law) மணமான பெண்ணின் அசையும் சொத்து கணவனுக்குப் போய்விடும். பெரும்பாலான தென்மாநிலங்களில் அடிமைகள் அசையும் சொத்து. மருமகன் சூதாடியாகவோ கடனாளியாகவோ இருந்தால் மகளுக்குக் கொடுத்ததெல்லாம் ஏலத்துக்குப் போகும். அதனால் தகப்பன்மார்கள் அடிமைகளை நேரடியாகக் கொடுக்காமல், மகளின் தனிப் பயனுக்கென்று ஒரு டிரஸ்டியின் பெயரில் எழுதினார்கள். கடன்காரன் ஷெரிப்போடு வருவான். டிரஸ்டி தடையுத்தரவு கேட்பார். தென்மாநிலத் தீர்ப்புத் தொகுப்புகளில் இந்த ரகம் ஏராளம். பத்திரத்தில் ‘தனிப் பயனுக்கு’ என்ற சொற்கள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாக அலசுவார்கள். யாரைப் பற்றிய பத்திரமோ அவர் அந்தப் பக்கங்களில் ஒரு பெயர், ஒரு வயது, அவ்வளவுதான்.

இந்த வரிசையில் வந்த ஒரு வழக்கு வரலாற்றில் இடம்பிடித்தது. மிசிசிப்பியில் சிக்கசா பழங்குடியைச் சேர்ந்த பெட்சி லவ், தன்னிடமிருந்த டோனி என்ற அடிமையை மகளுக்குக் கொடுத்தார். பெட்சியின் கணவர் ஜேம்ஸ் ஆலனுக்குக் கடன் கொடுத்தவர் டோனியைப் பறிமுதல் செய்யவைத்தார். சிக்கசா வழக்கப்படி மனைவியின் சொத்து மனைவிக்கே, கணவரின் கடனுக்கு அது ஈடாகாது என்று 1837இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில், 1839இல், மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டத்தை மிசிசிப்பி இயற்றியது. பெண்ணுரிமை வரலாற்றில் பெருமையோடு குறிப்பிடப்படும் சட்டம். எடுத்துப் படித்தால், அதன் பிரிவுகளில் பெரும்பகுதி மனைவிக்குச் சொந்தமான அடிமைகளைப் பற்றியதுதான்.

இத்தனை டிரஸ்ட்களை மதித்த நீதிமன்றங்கள், வட கரோலினாவில் குவேக்கர்கள் அதே கருவியைக் கையில் எடுத்தபோது என்ன செய்தன? அங்கே விடுதலை கொடுப்பது மிகக் கடினம். ஆகவே குவேக்கர்கள் தங்கள் அடிமைகளைச் சபையின் டிரஸ்டிகள் பெயருக்கு எழுதிவைத்தார்கள். காகிதத்தில் சபை எஜமானர். நடைமுறையில் அவர்கள் சுதந்திரமாக வாழ்ந்து, தங்கள் கூலியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். கன்டென்ட்னியா குவேக்கர் சபையின் டிரஸ்டிகளுக்கும் டிக்கன்சன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 1827இல் தலைமை நீதிபதி ஜான் லூயிஸ் டெய்லர் இதைச் செல்லாது என்றார். பெயரில் மட்டும் அடிமை என்பது கிட்டத்தட்ட விடுதலை; அதை மாநிலத்தின் கொள்கை தடுக்கிறது; சொத்து கொடுத்தவரின் தரப்புக்கே திரும்ப வேண்டும். நீதிபதி ஹால் மட்டும் மாறுபட்டார். மகளுக்காக, பேரனுக்காக, பிறக்கப்போகும் கொள்ளுப்பேரனுக்காக ஒருவரை டிரஸ்டில் வைக்கலாம். அந்த ஒருவருக்காகவே அவரை டிரஸ்டில் வைக்கக் கூடாது. கட்டப்பட்டிருந்தது எந்தப் பக்கத்துக் கை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பேரன். எலிஷை வாங்கிக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ், 1857 அக்டோபரில் இறந்தபோது அவருடைய உயில் கிட்டத்தட்ட பாட்டி வீட்டுக் கதையையே திரும்ப எழுதியிருந்தது. ஆர்லிங்டன் மாளிகை மகளுக்கு ஆயுள் அனுபவம், பின் மூத்த பேரனுக்கு. வேறு இரு பண்ணைகள் மற்றப் பேரன்களுக்கு. நான்கு பேத்திகளுக்குத் தலா 10,000 டாலர். அடிமைகளுக்கு விடுதலை: ஆனால் இந்தத் தொகைகளும் கடன்களும் அடைந்த பின், எப்படியும் ஐந்து ஆண்டுகளுக்குள். ஏறக்குறைய 200 பேர். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மருமகன் ராபர்ட் ஈ. லீக்கு, பின்னாளில் தென்மாநிலப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அதே லீ.

கஸ்டிஸ் இறந்ததும் தங்களுக்கு விடுதலை என்றுதான் அங்கிருந்தவர்கள் நம்பியிருந்தார்கள். லீ ஐந்து ஆண்டு என்ற வரம்பை முழுதாகப் பயன்படுத்தினார். பலரை வாடகைக்கு அனுப்பினார். 1859இல் வெஸ்லி நாரிஸ், அவர் சகோதரி மேரி, ஓர் உறவினர் ஆகிய மூவரும் தப்பியோடி மேரிலாந்தில் பிடிபட்டார்கள். தனக்கும் உறவினருக்கும் ஐம்பது கசையடி, சகோதரிக்கு இருபது என்றும், காயத்தில் உப்புநீர் ஊற்றப்பட்டது என்றும் நாரிஸ் 1866இல் வாக்குமூலம் கொடுத்தார். பேத்திகளின் தொகை சேரவில்லை என்று ஐந்து ஆண்டுக்கு மேலும் அவர்களை வைத்துக்கொள்ள லீ நீதிமன்றங்களை நாடினார், நீதிமன்றங்கள் ஒப்பவில்லை. 1862 டிசம்பர் 29 அன்று விடுதலைப் பத்திரத்தை நிறைவேற்றினார். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு அப்போது மூன்று நாள் பாக்கி.

உயிலின் இன்னொரு பகுதியும் நிறைவேறியது. போர்க்காலத்தில் வரி பாக்கிக்காக ஆர்லிங்டனை அரசு எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டமாக்கியிருந்தது. பின்னுரிமைக்காரரான மூத்த பேரன் கஸ்டிஸ் லீ வழக்குப் போட்டார். 1882இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அரசு 1,50,000 டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. அதே தோட்டத்தின் ஓரத்தில், கஸ்டிஸுக்கு அடிமைப் பெண் ஒருவரிடம் பிறந்த மகளான மரியா சைஃபாக்ஸ் 17 ஏக்கரில் குடியிருந்தார். கஸ்டிஸ் அவரை விடுவித்துக் கொடுத்த இடம், ஆனால் பத்திரம் எழுதித் தரவில்லை. அந்தத் துண்டு அவர் பெயருக்கு வர 1866இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அடிமைமுறை ஒழிந்த பின்னும் கணக்குகள் உடனே முடிந்துவிடவில்லை. 1861இல் அர்கன்சாவில் ஆல்பர்ட் என்ற அடிமையை விற்றதற்கான கடன் சீட்டு, அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னும் செல்லும் என்று ஆஸ்பார்ன் எதிர் நிக்கல்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆல்பர்ட் சுதந்திரன், அவருடைய விலை மட்டும் இன்னும் பாக்கி.

மேலும் படிக்க விரும்பினால், தீர்ப்புகளை விட வழக்குக் கட்டுகளைத் தேடிப் பாருங்கள். வர்ஜீனியா மாநில நூலகம் பழைய சான்சரி வழக்குகளுக்கு அட்டவணை தயாரித்து, பெரும்பகுதியை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பங்காளிகள் ஒருவரையொருவர் நம்பாததால் ஒவ்வொரு பிரிவினையிலும் யார், என்ன வயது, யாருடைய பிள்ளை, யாருக்கு ஒதுக்கப்பட்டார் என்று விவரமாக எழுதவைத்தார்கள். 1870க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளின் பெயர் பெரும்பாலும் இருக்காது என்பதால், தங்கள் மூதாதையரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் இன்று இந்தச் சொத்துச் சண்டைக் காகிதங்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கின்றன.